வலது தோளில் ஊசி

ஏழு தட்டு வைத்தாயிற்று. சாப்பிட உட்கார்ந்தது ஆறு பேர்.

டூரிஸ்ட் கிராமத்தின் வழிகாட்டி மோசா மறுபடி எண்ணினாள். நேற்று மாலை வேனிலிருந்து இறங்கியவர்கள் ஏழு. காலையில் வட்டக் குடிசைகளைச் சுற்றிக் காட்டியபோது ஏழு. மண்சுவரில் விரலால் கீறிய கோலத்துக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோதும் ஏழு. இப்போது ஏழாவது தட்டில் சோளக்களியும் கீரையும் ஆட்டுக்கறியும் ஆவி விட்டுக்கொண்டிருக்க, சாப்பிட வேண்டியவளை மட்டும் காணோம்.

டிசேபோ. ஐம்பத்திரண்டு வயது. சொவேட்டோ நகரத்தில் நர்ஸாக இருந்து போன வருடம் வேலையை விட்டவள். இந்த மலைநாட்டுப் பாசோதோ இனத்துப் பெண்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் நகரம். மலையை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். அவளோடு வேனில் வந்த ஆறு பேரும் ஒரே சர்ச் ஆட்கள். எங்கே என்று கேட்டால், தலைவலி என்று படுத்திருப்பாள் என்றார்கள். மோசா ஓடிப்போய் அறையைப் பார்த்தாள். கட்டில் விரிப்பு கலையவில்லை.

மணி ஒன்று.

இரண்டு மணிக்குக் குன்றுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தாக்கில் தீ வைக்கப் போகிறார்கள்.

குளிர்காலம் முடிகிறபோது வருடா வருடம் நடப்பதுதான். காய்ந்த புல்லை எரித்தால்தான் மழைக்குப் புதுப்புல் வரும், மான்களுக்கு மேய்ச்சல் கிடைக்கும். இந்த வருடம் காற்று சரியில்லை என்று மூன்று முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்றைக்கு விட்டால் நாளைக்குப் பனி கொட்டும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. எந்தப் பள்ளத்தாக்கு, எந்த நாள் என்பது சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சர்ச்சில் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், மாட்டுக்காரர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். நேற்று மாலை வந்து இறங்கியவர்களுக்கு மட்டும், 'மத்தியானம் கொஞ்சம் புகை தெரியும், பயப்படாதீங்க' என்று மோசா சொல்லியிருந்தாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

தீக்குழுத் தலைவர் லெபுசா அப்போது ஆபீஸ் வாசலில் வண்டி ஏறிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இதே மலையில் தீ வைப்பவர், தீயை அணைப்பவர். டூரிஸ்ட் ஒருத்தியைக் காணோம் என்றதும் சிரித்தார். உன் ஆட்களுக்குக் காலில் சக்கரம், எங்கேயாவது ரோட்டோரம் போன் சிக்னல் தேடி நிற்பார்கள், போய்ப் பார் என்றார்.

பள்ளத்தாக்கைப் பார்த்தாயிற்றா என்று மோசா கேட்டாள். காலையிலிருந்து காவலாள் செகோட்டோ முகட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் ஒரே ஒரு ஆள் குகைப் பக்கம் ஏறிப் போனானாம். கம்பளி போர்த்தவன். நம்ம ஊர்க்காரன். குகைக்குப் போய், செத்துப்போன முன்னோர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு மேல்வழியாக இறங்கிப் போயிருப்பான். தீ வைக்கிற நாள் அவனுக்குத் தெரியாதா என்ன.

"பொம்பளை யாருமே இல்லையா ஐயா?"

"ஒருத்தியும் இல்ல. செகோட்டோ கண்ணைப் பத்தி உனக்குத் தெரியாதா? ஒரு மைல் தள்ளி நிக்கிற மாட்டோட காது வெட்டைப் பாத்து இன்னார் வீட்டு மாடுன்னு சொல்ற மனுசன்."

அது உண்மை. செகோட்டோ ஆம்பளை என்று சொன்னால் ஆம்பளைதான். மோசாவுக்கு மூச்சு வந்தது. வேன் டிரைவர் மொலேஃபியைக் கூப்பிட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

அரை மணி நேரம் அதில் போயிற்று. பாலம் வரை போய்ப் பார்த்தார்கள். தேன் விற்கிறவனைக் கேட்டார்கள். மொலேஃபி வழியெல்லாம் புலம்பினான். இந்த அம்மா நேற்று வரும்போதே வண்டியை மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றவளாம், கூட்டத்தோடு ஒட்டாத ரகமாம்.

திரும்பி வந்து இறங்கியபோது மணி ஒன்றரை. சாப்பிட்டு முடித்தவர்கள் கடைக் குடிசையில் கம்பளி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளும் மா-கரபோ, சர்ச் அம்மாள் ஒருத்திக்குப் போர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள். பட்டைக் கோடு நெட்டுக்குத்தாக விழ வேண்டும், படுக்கையாகப் போட்டால் வளர்ச்சி நின்றுபோகும் என்று வழக்கமான பாட்டைப் பாடியபடி, பெரிய ஊசியை எடுத்து மார்புக்கு நடுவில் குத்தினாள். பொம்பளைக்கு இங்கே, ஆம்பளைக்கு வலது தோளில். மாத்திக் குத்தினா புருசன் பேரை மாத்திச் சொன்ன மாதிரி என்று கண்ணடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மோசாவின் கண் அந்த ஊசியிலேயே நின்றது.

காலையில் இதே குடிசை. டிசேபோ கடைசியாக வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தியதும் மேல்சட்டையின் இரண்டு பட்டனைக் கழற்றிக் காட்டினாள். இடது பக்கம் ஒன்றுமில்லை. நீளமாக ஒரு தையல் தழும்பு மட்டும். ஆறு மாதமாகிறதாம். சர்ச்சில் யாருக்கும் தெரியாதாம், தெரியவும் வேண்டாமாம்.

"நடுவுல குத்தாதம்மா. துணி பட்டாலே உயிர் போகுது."

மோசா ஒன்றும் கேட்காமல் கம்பளியை வலது தோளுக்கு இழுத்து அங்கே ஊசியைக் குத்தினாள். அது ஆண்கள் குத்துகிற இடமாமே என்று டிசேபோ தயங்கினாள். மோசா சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இப்போது காதுக்குள் வந்து அறைந்தது.

"யாரு பாக்கப் போறா?"

மருந்துக்கு உதிர்ந்து மறுபடி முளைக்கிற ஒட்ட வெட்டிய தலை. பேன்ட். வலது தோளில் ஊசி. முகட்டிலிருந்து செகோட்டோ பார்த்தது யார் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். கரகரப்பு. மறுபடி கூப்பிட்டாள். லெபுசாவின் வண்டி குன்றைச் சுற்றிப் பள்ளத்தாக்கின் வாய்க்குப் போயிருக்கும். நடுவில் இந்தக் கல்மலை இருக்கும் வரை ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகாது. மொலேஃபியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ வேனை எடுத்துக்கொண்டு சுற்று ரோட்டில் போ, நிறுத்தச் சொல், அந்த அம்மா உள்ளே இருக்கிறாள் என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றான்.

"தெரியும். போடா."

சுற்று ரோட்டில் இருபத்தைந்து நிமிடம். மணி ஒன்று முப்பத்தைந்து. கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் இடித்தது. லாயத்தில் டூரிஸ்டுகளை ஏற்றுகிற சாம்பல் குதிரை ஒன்று சேணத்தோடு நின்றது. பெயர் டாவு. சிங்கம் என்று வைத்தவன் யாரோ, பிளாஸ்டிக் பை பறந்தாலே மிரண்டு ஓடுகிற சிங்கம் அது. மோசா கட்டை அவிழ்த்து ஏறினாள்.

முகட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் மனிதர்கள் நின்று நின்றுதான் ஏறுவார்கள். டாவு நிற்கவில்லை. அதன் குளம்புக்குக் கல் பழக்கம். பாதி வழியில் காற்று முகத்தில் அடித்தது, அதில் வாசம் இருந்தது. காய்ந்த புல் எரிகிற வாசம். இருக்காது, இன்னும் இரண்டு மணி ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குதிகாலால் உதைத்தாள்.

முகட்டில் செகோட்டோ பாறைமேல் குந்தியிருந்தார். அறுபது வயது, நொண்டுகிற வலது கால், மடியில் தடி. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பொன்னிறப் புல். இந்தக் கோடியில் மஞ்சள் பாறைக்கு அடியில் குகை கறுப்பாக வாய் திறந்திருந்தது. அந்தக் கோடியில் வெள்ளையாக ஒரு புகைக்கோடு, இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவு வரை.

வைத்துவிட்டார்கள்.

"நீங்க பாத்தது ஆம்பளையா, அப்பா?"

"பின்ன? வலது தோள்ல ஊசி மின்னுச்சு. பொம்பளை குத்துவாளா அங்க?"

"நான் குத்திவிட்டேன். அது பொம்பளை."

செகோட்டோ தடியை ஊன்றி எழுந்து, விரலால் கீழே காட்டினார். குகையிலிருந்து இறங்கவில்லை, அந்த ஆள் குகைக்குப் போய்ச் சேரவே இல்லை, பாதி வழியில் அந்த இரட்டைப் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தேன், அப்புறம் புல் மறைத்துவிட்டது, கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மேல்வழியாகப் போயிருப்பான் என்று நினைத்தேன் என்றார். நினைத்தேன் என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

இங்கே வாக்கிடாக்கி பேசியது. மோசா நாலே வார்த்தையில் சொன்னாள்.

"காத்து நல்லா வந்துச்சு," என்றார் லெபுசா. "பத்து நிமிசம் முன்னாடியே வெச்சுட்டேன். மோசா, இது திரும்ப வராது. காத்து மேல தள்ளுது. நீ இறங்காத. கேக்குதா? இது உத்தரவு. இறங்காத."

மோசா வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடிவாளத்தைத் திருப்பினாள். செகோட்டோ நானும் வருகிறேன் என்று இரண்டு அடி நொண்டினார். நீங்கள் மேலே நின்று தீ எந்தப் பக்கம் வளைகிறது என்று கத்துங்கள் போதும் என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். டாவு பின்னங்காலை மடக்கி மடக்கிச் சறுக்கியது. புல் அவள் முழங்காலுக்கு வந்தது. உள்ளே போகப் போகப் புகை தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி. இரண்டு முயல்கள் எதிரே வந்து குதிரையின் காலுக்கு அடியில் புகுந்து ஓடின. பிறகு ஒரு மான். அது அவளைப் பார்க்கக்கூட இல்லை.

இரட்டைப் பாறைக்கு அடியில் டிசேபோ உட்கார்ந்திருந்தாள். காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். குதிகால் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. குதிரையில் வருகிறவளைப் பார்த்ததும் தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தாள்.

சொல்லிவிட்டு வந்திருக்கணும், தெரியும் என்று ஆரம்பித்தாள். அவள் அம்மா இந்த மலைக்குப் பக்கத்தில் பிறந்தவளாம். இதே நோயில் போனவளாம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே குகைக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாளாம், முடியவில்லை. சர்ச் ஆட்களிடம் சொன்னால் பேய்க்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறாயா என்பார்களாம். புகை வாசம் வந்தது, யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

மோசா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவளைக் கையைப் பிடித்துத் தூக்கி, சேணத்தில் காலை வை என்றாள். டிசேபோ காலைத் தூக்கிய அதே நேரத்தில் கீழ்ச்சரிவு வளைவில் தீ தலையைக் காட்டியது. ஆள் உயரத்துக்கு இல்லை, அதற்கும் மேல். டாவு ஒரு முறை கனைத்தது. கடிவாளம் மோசாவின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. சாம்பல் முதுகும் வெறும் சேணமும் பக்கவாட்டில் பாய்ந்து, சரிவோரம் தீ மெலிந்திருந்த இடத்தில் தாவி மறைந்தன.

இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கால் புண்.

குகைக்கு ஓடலாம் என்றாள் டிசேபோ. மோசா அந்தப் பக்கம் பார்த்தாள். மேல்நோக்கி முந்நூறு அடி. குகை வாயில் வேண்டுதலுக்கு வந்தவர்கள் கட்டிவைத்த நாணல் தட்டிகள். தீ மேலே ஏறும்போது முதலில் பிடிப்பது அதைத்தான். உள்ளே போனவர்கள் புகைக்கூண்டுக்குள் போனவர்கள். மேலிருந்து செகோட்டோவின் குரல் எதிரொலித்து விழுந்தது. இரண்டு பக்கமும் வளையுது, இரண்டு பக்கமும்.

"மெழுகுவத்தி ஏத்தத்தானே வந்தீங்க. தீப்பெட்டி?"

டிசேபோ புரியாமல் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மோசா அவளைப் பாறைக்குக் கீழே தள்ளி நிறுத்திவிட்டு, பாறைக்கு மேற்புறமிருந்த புல்லில் குச்சியைக் கிழித்து வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? நெருப்புக்குப் பயந்து நெருப்பு வெக்கிறியா?"

"வர்ற நெருப்புக்குத் தின்ன ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா. எரிஞ்ச எடத்துல நாம நிக்கணும்."

புல் உடனே பிடித்தது. ஆனால் சோம்பேறித்தனமாக எரிந்தது. மோசா இடது பக்கம் ஓடி இன்னொரு இடத்தில் வைத்தாள், வலது பக்கம் இன்னொன்று. மூன்றும் சேர்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நகரத் தொடங்கின. பின்னால் கறுப்பாக ஒரு திட்டு. பாய் அகலம். பிறகு குடிசை அகலம். கீழேயிருந்து வருகிறது நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அதன் சூடு முதுகில் கை வைத்துத் தள்ளியது. போதாது. இன்னும் வேண்டும். மோசா தன் ஜாக்கெட்டைக் கழற்றி அடியில் எரியாமல் நின்ற தூர்களை அடித்தாள், மிதித்தாள். டிசேபோ அவளைப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு சூட்டில் இறங்கித் தானும் காலணியால் அடிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ பேர் உயிருக்குப் போராடும்போது பக்கத்தில் நின்றவளின் கைகள் அவை, ஓயவில்லை.

"ஊசியைக் கழட்டுங்க."

டிசேபோ தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். இழுத்தாள். கம்பளி விடுபட்டது. மோசா அவளைக் கறுப்புத் திட்டின் மேல்கோடியில் குப்புறத் தள்ளினாள். இடது பக்கம் தரையில் படாமல் ஒருக்களித்துக்கொள்ள இடம் விட்டு, கம்பளியை இருவர் தலைக்கும் மேலாக இழுத்து, மண்ணில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள்.

அது வந்தது.

வெளிச்சம் கம்பளி வழியாகவே தெரிந்தது. மூச்சு எடுத்தால் உள்ளே நெருப்பு போகிற மாதிரி இருந்தது, எடுக்காமலும் இருக்க முடியவில்லை. மோசா எண்ணினாள். ஒன்று, இரண்டு. டிசேபோவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. நாடி பார்க்கிற இடத்தில். இருபது. கம்பளி முடி கருகுகிற நாற்றம். முப்பத்தைந்து. சத்தம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமாகவும் கடந்து, மேலே போயிற்று. ஐம்பதில் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. எழுபதுக்குப் பிறகு எண்ண மறந்துவிட்டாள்.

கம்பளியை விலக்கியபோது உலகமே கறுப்பாக இருந்தது. மேலே குகை வாயில் நாணல் தட்டிகள் எரிந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தன.

"நாடி நூத்தி நாப்பது," என்றாள் டிசேபோ இருமிக்கொண்டே. "பொழச்சுக்குவ."

பத்து நிமிடத்தில் புகைக்குள்ளிருந்து லெபுசாவும் நாலு பேரும் வந்தார்கள். ஓடிவரவில்லை. பிணம் தூக்க வருகிறவர்கள் நடக்கிற நடை. வெறும் சேணத்தோடு டாவு தீக்கோட்டைத் தாண்டி அவர்கள் நடுவில் பாய்ந்து போயிருந்தது. கறுப்புத் திட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் லெபுசா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். சூடு சுட்டதும் துள்ளி எழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

முகட்டிலிருந்து செகோட்டோவும் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். தப்பு என்னுடையது, ஆம்பளை என்று நான்தான் சொன்னேன் என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். லெபுசா கையைக் காட்டி நிறுத்தினார். டிசேபோவின் மடியில் கிடந்த கருகிய கம்பளியைப் பார்த்தார்.

"தோள்ல குத்துனது யாரு?"

"நான்தான்," என்றாள் மோசா.

"ஏன்?"

டிசேபோவின் பார்வை அவள் கன்னத்தில் பட்டது தெரிந்தது. எதிரே ஆண்கள். இருமிக்கொண்டும், தரையைப் பார்த்துக்கொண்டும், காதைத் தீட்டிக்கொண்டும்.

"குத்தினேன் ஐயா. அவ்வளவுதான். தீ எந்தப் பக்கம்னு காலைலயே சொல்லாததும் நான்தான். எழுதிக்கங்க."

எழுதினால் வேலை போகும் என்று இருவருக்கும் தெரியும். தீ வைக்கும் முன் உள்ளே பார்த்த ஒவ்வொரு ஆளையும் முகத்துக்கு முகம் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. எழுதிவைத்தவரே லெபுசாதான். கம்பளி போர்த்தவன் என்றதும் விட்டுவிட்டார். நம்ம ஆள், அவனுக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனாவை எடுத்தார், முதல் வரியில் என்னவோ எழுதிவிட்டு மோசா பார்க்கும்படி நீட்டினார். லெபுசா என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இடம் விட்டிருந்தார்.

"உன் பேரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இந்த அம்மாவைக் கீழ கொண்டுபோவோம். தூக்குங்கப்பா."

நாலு பேரும் குனிந்தார்கள். டிசேபோ கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான் கீழ வரல. மேல போகணும்."

மேலே எரிந்துகொண்டிருக்கிறது, கால் வெந்திருக்கிறது, மூளை குழம்பிவிட்டதா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டிசேபோ எல்லாவற்றையும் வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களைக் கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டாள். காலைப் பற்றி உங்களைவிட எனக்குத் தெரியும், மேல்தோல்தான் போயிருக்கிறது என்றாள்.

"எங்க அம்மாகிட்ட ஒரு விசயம் சொல்லணும், தம்பிங்களா. ஆறு மாசமா சொல்லல. இப்ப இறங்கிட்டா அப்புறம் ஏற மாட்டேன்."

லெபுசா குகையைப் பார்த்தார். தட்டிகள் முடிந்துவிட்டன. புகை மெலிந்து மெலிந்து பாறையை ஒட்டி ஏறியது. பூட்ஸ் நுனியால் சாம்பலைக் கிளறி, கையை அதன்மேல் பிடித்துப் பார்த்தார்.

"ஆற ஒரு மணி நேரமாவது ஆகும்மா."

"உக்காந்திருக்கேன்."

லெபுசா இடுப்பிலிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். ஒரு பாறையைத் தொட்டுப் பார்த்து, உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். செகோட்டோ கடைசியாகத் தடியை மடியில் வைத்துக்கொண்டு குந்தினார். மோசா கிழிந்த உள்ளங்கையை டிசேபோவிடம் நீட்டினாள். டிசேபோ தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்கினாள்.